நக்ஸ் வாமிகா: எட்டியிலிருந்து பிறந்த ஹோமியோபதி மருந்து குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நக்ஸ் வாமிகா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிறிய குப்பியில் அடைத்த வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். அது எட்டி விதையிலிருந்து தொடங்கும் மருந்து என்று சொன்னால் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் திடுக்கிடல் இயல்பானதுதான்.

மருந்தாளுநராக இருக்கும் என்னிடம் இந்த மருந்தைப் பற்றிய கேள்விகள் இரண்டு முனைகளிலிருந்து வருகின்றன. சிலர், "இது விஷமாமே?" என்று பயத்தோடு கேட்கிறார்கள். வேறு சிலர், "இதில் ஒன்றுமே இல்லையாமே?" என்று ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். இரு தரப்பினரும் சரியாகவே கேட்கிறார்கள். குப்பியின் மேல் என்ன எண் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டுமே உண்மையாகலாம். அதனால் கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி அந்த எண்ணிடமே வந்து சேரும்.

நக்ஸ் வாமிகா என்பது என்ன?

எட்டி, காஞ்சிரை என்று தமிழில் வழங்கும் மரத்தின் விதை. தாவரவியலார் வைத்த பெயர் ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்-வாமிகா. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இயற்கையாக வளரும் மரம் இது. பழம் ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சதைக்குள் பொத்தான்போல் தட்டையான, மெல்லிய பட்டு ரோமம் போர்த்திய சாம்பல் நிற விதைகள் கிடக்கும். விதை மிகக் கடினமானது; அதன் கசப்போ நாக்கை விட்டு எளிதில் போகாது. அந்தக் கசப்புக்குக் காரணம் ஸ்ட்ரிக்னின், புரூசின் என்னும் இரண்டு ஆல்கலாய்டுகள், அதாவது தாவரங்களில் உண்டாகும் வீரியமான வேதிப்பொருள்கள். ஸ்ட்ரிக்னினை 1818-இல் பிரான்சின் பெல்லெட்டியே, காவண்டூ ஆகிய இருவரும் பிரித்தெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. அந்தப் பட்டைக்கு இந்தக் கதையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எட்டி உண்மையிலேயே அவ்வளவு கொடிய விஷமா?

ஆம். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்ப்புறத் தசை தளர வேண்டும். அப்போதுதான் கையை மடக்கவும் நீட்டவும் முடியும். அந்தத் தளர்ச்சிக்கு உத்தரவு தருவது தண்டுவடத்தில் கிளைசின் என்னும் வேதிப்பொருள். அது நரம்புகளுக்குக் கடிவாளம் போன்றது. ஸ்ட்ரிக்னின் அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. அதன்பின் ஒரு சிறு ஓசை, ஒரு தொடுகை, திடீரென்று விழும் வெளிச்சம் என எதுவும் உடல் முழுவதையும் இழுப்புக்குள் தள்ளிவிடும். முதுகு வில்போல் வளையும், தாடை இறுகும். இவ்வளவு நடக்கும்போதும் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார் என்பதுதான் இதன் கொடுமை. இறுதியில் மூச்சுத் தசைகள் இறுகி உயிர் போகிறது.

விதையில் ஸ்ட்ரிக்னின் ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும். பெரியவர்களுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் உயிரைப் பறிக்கும் அளவு என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. அதைவிடக் குறைந்த அளவிலும் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு 15 மில்லிகிராமே போதும். விதையை முழுசாக விழுங்கினால் கடினமான தோல் காரணமாக அது அப்படியே வெளியேறிவிடலாம். பொடித்த விதைக்கு அந்தத் தடை கிடையாது.

இப்படிப்பட்ட விதையை யார் மருந்தாக்கினார்கள்?

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843). அவர் காலத்து மருத்துவம் ரத்தத்தைப் பீய்ச்சி வெளியேற்றியது. பாதரசத்தைத் தாராளமாக ஊட்டியது. அதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். 1790-இல், காய்ச்சலுக்குத் தரப்படும் சின்கோனா பட்டையை நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே தாமே உட்கொண்டு பார்த்தார். காய்ச்சல் போன்ற அறிகுறிகள் தமக்கு வந்ததாக எழுதினார். அங்கிருந்து, ஆரோக்கியமானவரிடம் ஒரு பொருள் உண்டாக்கும் அறிகுறிகளை நோயாளியிடம் அதே பொருள் போக்கும் என்ற முடிவுக்கு வந்தார். "ஒத்ததை ஒத்தது குணப்படுத்தும்" என்ற ஹோமியோபதிக் கொள்கையின் பிறப்பு இதுதான். 1811-இல் வெளிவந்த அவருடைய மருந்துப்பொருள் நூலின் முதல் தொகுதியிலேயே நக்ஸ் வாமிகா இடம்பெற்றது. எட்டி உடலை இறுக்கி இழுக்கிறது. ஆகவே இறுக்கமும் இழுப்பும் உள்ள தொல்லைகளுக்கு அதன் நுண்ணளவைத் தரலாம் என்பது அவருடைய தர்க்கம்.

அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ரத்தம் பீய்ச்சும் மருத்துவரிடம் போனவரைவிட, ஹானிமனிடம் போய் நீர்த்த மருந்தும் ஓய்வும் பெற்றவர் பிழைக்க வாய்ப்பு அதிகம் இருந்தது. கெடுதல் செய்யாமல் இருப்பதே அன்றைக்குப் பெரிய சிகிச்சை.

குப்பியில் 30, 200, 6எக்ஸ், கியூ என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அவற்றின் பொருள் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

விதையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் முதல் சாறு தாய்த்திரவம். மதர் டிங்சர் என்பார்கள். அதில் எட்டியின் சத்து நேரடியாக இருக்கிறது. அதில் ஒரு பங்கை 99 பங்கு சாராயக் கலவையோடு சேர்த்துக் குலுக்கினால் 1சி. அந்த 1சி-யில் ஒரு பங்கை மறுபடி 99 பங்கோடு சேர்த்தால் 2சி. இப்படி முப்பது முறை செய்தது 30சி. சில குப்பிகளில் வெறும் 30 என்று மட்டும் இருக்கும். எக்ஸ் அல்லது டி என்ற எழுத்து இருந்தால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்று. எனவே 6எக்ஸ் என்பது 3சி-க்குச் சமமான நீர்ப்பு. 1எம் என்றால் ஆயிரம் முறை நீர்த்தது. எண் கூடக் கூட "வீரியம்" கூடுகிறது என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. பொருள் அளவில் பார்த்தால் எண் கூடக் கூட உள்ளே இருப்பது குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடலாம். ஒரு மில்லிலிட்டர் தாய்த்திரவத்தில் 1 மில்லிகிராம் ஸ்ட்ரிக்னின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 18,000 கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். படிக்கு நூறில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் 9சி வரும்போது ஒரு மில்லிலிட்டரில் ஓரிரு மூலக்கூறுகள் மிஞ்சும். 30சி-க்கு இன்னும் இருபத்தொரு படிகள் பாக்கி இருக்கின்றன. அந்த நீர்ப்பில் ஒரே ஒரு ஸ்ட்ரிக்னின் மூலக்கூறு கிடைக்க வேண்டுமானால், பூமியைப் போன்ற ஐந்து கோடி கோடி உருண்டைகளின் கொள்ளளவு மருந்தைக் குடித்தாக வேண்டும். இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த அன்று, எங்கோ சுழியங்களைத் தவறவிட்டிருக்கிறேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆக, 30 அல்லது 200 என்று எழுதிய குப்பியில் எட்டி விஷம் இல்லை; எட்டியே இல்லை. தாய்த்திரவம், 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் போன்ற குறைந்த எண்கள் வேறு வகை. அவற்றில் அளவிடக்கூடிய ஸ்ட்ரிக்னின் இருக்கலாம். இரண்டு குப்பிகளுக்கும் பெயர் ஒன்றுதான். அதே எழுத்து, ஏறக்குறைய அதே லேபிள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். எண் இல்லாமல் கியூ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது தாய்த்திரவம். வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியைத் தட்டச்சில் அப்படி மாற்றி எழுதி வழக்கமாகிவிட்டது. ஆனால் எல்எம் என்ற, ஐம்பதாயிரத்தில் ஒன்றாக நீர்க்கும் வகையையும் சிலர் கியூ1, கியூ2 என்று குறிக்கிறார்கள். எழுத்துக்குப் பின் எண் இருக்கிறதா, இல்லையா என்பதில் அவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது. லேபிள் அழிந்துபோன குப்பியை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

எந்தெந்தத் தொல்லைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் வயிறு சார்ந்தவை: அதிகம் சாப்பிட்டபின் வரும் கனம், நெஞ்செரிச்சல், புளியேப்பம், குமட்டல், குடித்த மறுநாள் வரும் தலைவலி, மலம் கழிக்கும் உணர்வு வந்தும் முழுதாகப் போகாத மலச்சிக்கல், மூலம். இரவில் மூக்கடைப்பு, இடுப்புப் பிடிப்பு, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமை ஆகியவற்றுக்கும் தருகிறார்கள்.

ஹோமியோபதியர் நோயை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்ப்பார்கள். அவர்கள் வரைந்து வைத்திருக்கும் "நக்ஸ் வாமிகா மனிதர்" தெளிவான சித்திரம்: எந்நேரமும் வேலை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத வாழ்க்கை, சட்டென்று கோபம், குளிர் தாங்காத உடல், காபி, மது, புகை, காரம். மனிதர்களைக் கூர்ந்து கவனித்த யாரோ எழுதியது என்று தெரிகிறது. அந்தச் சித்திரத்தில் தம்மைக் காணாதவர்கள் குறைவு. பலரை ஈர்ப்பதும் அதுதான்.

உண்மையில் வேலை செய்கிறதா?

நீர்த்த நக்ஸ் வாமிகா வெறும் சர்க்கரை உருண்டையைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

2005-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 110 ஹோமியோபதிச் சோதனைகளை 110 நவீன மருத்துவச் சோதனைகளோடு ஒப்பிட்டது. பெரியவையாகவும் கவனமாகவும் நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டபோது ஹோமியோபதியின் பலன் மருந்துப்போலியின் (மருந்து எதுவும் இல்லாத போலி மாத்திரையின்) பலனோடு ஒத்துப்போனது. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் 61 நோய்நிலைகளைப் பற்றிய 176 ஆய்வுகளை அலசி, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று முடித்தது. பிரான்ஸ் அரசு 2021 தொடக்கத்திலிருந்து ஹோமியோபதி மருந்துகளுக்கான செலவைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆளுக்கேற்ப மருந்து தேர்வதுதான் ஹோமியோபதி, எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதித்தால் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படி ஆளுக்கேற்பத் தேர்ந்து கொடுத்த சோதனைகளை மட்டும் தொகுத்த 2014 ஆய்வு ஒன்று, சிறிய பலன் இருக்கலாம் என்றது. கூடவே, அந்தச் சோதனைகளின் தரம் குறைவாகவோ தெளிவற்றோ இருப்பதால் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வயிற்றுத் தொல்லை நின்றுவிட்டதே, அது பொய்யா?

நீங்கள் உணர்ந்த நிம்மதி பொய்யில்லை. அது எதனால் வந்தது என்பதுதான் கேள்வி.

அஜீரணம் தானாக வந்து தானாகப் போகக்கூடியது. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பின் எப்படியும் இறக்கம்தான். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, தூக்கம், கோபம், கவலை எல்லாவற்றையும் ஒருவர் விசாரித்தார் என்றால் அதுவே பாதி ஆறுதல்.

இதற்கு மேல் நக்ஸ் வாமிகாவுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. காபி மருந்தை முறித்துவிடும், அதை நிறுத்துங்கள் என்று பல ஹோமியோபதியர் கண்டிப்பாகச் சொல்வார்கள். நக்ஸ் வாமிகா யாருக்குக் கொடுக்கப்படுகிறது? காபியும் மதுவும் புகையும் விடாதவர்களுக்கு. அவர்கள் மருந்து வீணாகக் கூடாது என்று காபியை விடுகிறார்கள். இரவு நேரத்தில் மருந்து போட வேண்டும் என்பதால் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்கிறார்கள். நெஞ்செரிச்சல் நிற்கிறது. புகழ் உருண்டைக்குப் போகிறது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, படுக்கையின் தலைமாட்டை உயர்த்துவது, மதுவையும் புகையையும் விடுவது ஆகியவை எந்தக் குப்பியும் இல்லாமலேயே பலன் தரும்.

பக்கவிளைவுகள் உண்டா?

30, 200 போன்ற நீர்ப்புகளில் எட்டியால் வரும் பக்கவிளைவு இருக்க வழியில்லை. உருண்டை கரும்புச் சர்க்கரை. மாத்திரை என்றால் பால் சர்க்கரை. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகச் சிலருக்கு வயிறு உப்பலாம்.

சொட்டு மருந்தாக வாங்கினால் அதில் இருப்பது சாராயம். சில சொட்டுகளால் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. மதுவை விட்டவர்களுக்கும், கல்லீரல் நோயாளிகளுக்கும், குழந்தைகளுக்கும் அது வேண்டாம்.

தாய்த்திரவமும் மிகக் குறைந்த எண்களும் அப்படியல்ல. அதிகமாக உட்கொண்டால் படபடப்பு, அமைதியின்மை, தசைகள் இறுகுதல், துடித்தல் என்று ஸ்ட்ரிக்னின் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். "இயற்கை மருந்துதானே, ஐந்து சொட்டுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி போட்டால் என்ன" என்ற எண்ணம் எட்டியிடம் செல்லாது.

மருந்து சாப்பிட்டதும் தொல்லை கூடினால் அது குணமாவதன் அறிகுறி என்கிறார்களே?

ஹோமியோபதியில் இதை ஆரம்ப மோசமாதல் என்பார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் கருத்து இது. தொல்லை குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. கூடினாலும் வேலை செய்கிறது என்றால், ஆபத்து வரும்போது எச்சரிக்கை மணி எப்படி அடிக்கும்? வயிற்று வலி கூடுகிறது என்றால் கூடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்து, குடல்வால் வெடித்தபின் மருத்துவமனைக்குப் போவது தேவையில்லாத துயரம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாப்பிடலாமா?

தாய்த்திரவமும் குறைந்த எண்களும் கூடவே கூடாது. 30-இல் தீங்கு செய்யும் பொருள் இல்லை. ஆனாலும் கர்ப்பகால நெஞ்செரிச்சலுக்குப் பாதுகாப்பானவை என்று நன்கு தெரிந்த அமிலமுறி மருந்துகள் இருக்கும்போது, இதற்கு என்ன தேவை என்று தெரியவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு மேல்வயிற்றில் வலி, அதோடு கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல் இருந்தால் அதை அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள். அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தின் தீவிர வடிவமாக இருக்கலாம். அன்றே ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பேன். நீர்ப்பு கணக்கெல்லாம் தயாரிப்பாளர் சரியாகச் செய்தால் மட்டுமே பொருந்தும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட ஹோமியோபதி மாத்திரைகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து அவற்றில் சீரற்ற அளவில் இருந்தது. சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகம். எட்டியிலும் அப்படி ஒரு தவறு நேர்ந்தால் குழந்தையின் சிறிய உடல் அதைத் தாங்காது. கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற மருந்துகளோடு சேர்த்து எடுக்கலாமா?

உயர் நீர்ப்புகள் வேறு மருந்தோடு மோதுவதில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று. குடிப்பழக்கத்தை விட டைசல்ஃபிரம் எடுத்துக்கொள்பவர்கள், சாராயம் கலந்த சொட்டு மருந்துகளைத் தொடக் கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரக்கூடும். குடியால் கெட்ட வயிற்றுக்கு நக்ஸ் வாமிகா என்று சொல்லப்படுவதால் இந்தச் சந்திப்பு எளிதில் நேர்ந்துவிடுகிறது. வலிப்பு நோய் உள்ளவர்கள் தாய்த்திரவத்தையும் குறைந்த எண்களையும் அறவே தவிர்க்க வேண்டும். மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரையோ, இதயத்துக்கு ஆஸ்பிரினோ சாப்பிடுபவருக்கு வயிறு எரிந்தால், அது புண்ணாக இருக்கலாம். அதை உருண்டையால் மூடி மறைக்க வேண்டாம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்ததை ஹோமியோபதிக்காக நிறுத்துவது, நான் அறிந்தவரை, இந்த உருண்டைகளால் வரும் மிகப் பெரிய தீங்கு.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் எட்டியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே எட்டி விதையைப் பால், நெய் போன்றவற்றில் வேகவைத்தோ வறுத்தோ சுத்தி செய்து, பொருளாகவே சேர்க்கிறார்கள். சுத்தி செய்வதால் ஸ்ட்ரிக்னினும் புரூசினும் குறைகின்றன, முழுவதும் நீங்குவதில்லை. அங்கே அளவு என்பது உயிர்நாடி. இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் எட்டியைச் சுத்தி செய்ய முனையாதீர்கள். குறைந்திருக்கிறதா என்று கண்ணாலோ நாக்காலோ கண்டறிய முடியாது. ஸ்ட்ரிக்னினின் கசப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே தெரியும் என்பதால், கசப்பு இருக்கிறது என்பதிலிருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

விளையாட்டு வீரர்கள் எடுக்கலாமா?

தாய்த்திரவமும் குறைந்த எண்களும் அவர்களுக்கு இருமடங்கு ஆபத்து. ஸ்ட்ரிக்னின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு போட்டிகளின்போது தடை செய்துள்ள பொருள்களில் ஒன்று. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு ஓட்டத்தின் நடுவே முட்டை வெண்கருவிலும் பிராந்தியிலும் அதைக் கலந்து கொடுத்தார்கள். அவர் வென்றார், கிட்டத்தட்ட செத்துப் பிழைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிர்கிஸ்தான் பளுதூக்கும் வீரர் ஒருவர் ஸ்ட்ரிக்னின் கண்டறியப்பட்டதால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார்.

எந்த அறிகுறிகள் இருந்தால் உருண்டையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

நெஞ்சில் பாரம், இறுக்கம், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுவாங்கல் இருந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள். மாரடைப்பு பல நேரங்களில் "வாயுத்தொல்லை" என்ற வேடத்தில் வருகிறது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கடும் நெஞ்சுவலியே இல்லாமல், குமட்டலும் மேல்வயிற்று அசௌகரியமும் சோர்வும் மட்டுமாகக்கூட வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் உருண்டை போட்டுக்கொண்டு இப்படிக் காத்திருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதியை இழந்தார்.

விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமின்றி எடை குறைதல், தொடர் வாந்தி, வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற கருமை, தார்போல் கறுத்த மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோக்கிப் பரிசோதனை (எண்டோஸ்கோப்பி) தேவைப்படலாம். ஐம்பது வயதைத் தாண்டியபின் முதன்முறையாக அஜீரணம் தொடங்கினாலும் காட்டிவிடுவது நல்லது.

மலச்சிக்கல் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூலம் என்று தாமே முடிவு கட்டி, மாதக்கணக்கில் ரத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களுக்கு மேல் மாறியிருந்தாலோ, முழுதாகப் போகாத உணர்வு நீடித்தாலோ, ரத்தம் கண்டாலோ பெருங்குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நக்ஸ் வாமிகாவின் குணமாகப் புத்தகங்களில் எழுதியிருக்கும் "போக வேண்டும்போல் இருக்கும், போகாது" என்ற அதே வரி, மலக்குடல் புற்றுநோயின் அறிகுறிப் பட்டியலிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டால் அந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். வயிறு உப்பி, மலமும் வாயுவும் அறவே போகாமல் வாந்தியும் வந்தால் குடலடைப்பு. அது அவசர நிலை.

குழந்தை குப்பியை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் எண்ணைப் பாருங்கள். 30, 200 உருண்டைகள் என்றால் சர்க்கரைதான், கலங்க வேண்டாம். அதே எண் சொட்டு மருந்தைக் கணிசமாகக் குடித்திருந்தால் சாராயத்தின் பாதிப்புக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாய்த்திரவமோ, குறைந்த எண்ணோ, லேபிள் அழிந்த குப்பியோ என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவியை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த முயற்சியே இழுப்பைத் தூண்டிவிடலாம். அறிகுறிகள் பெரும்பாலும் 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். அதுவரை விளக்கைக் குறைத்து, சத்தமில்லாமல், அடிக்கடி தொடாமல் வைத்திருங்கள். குப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்ட்ரிக்னினுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் இழுப்பை அடக்கும் மருந்துகளும் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் உடல் அந்த விஷத்தைத் தானே சிதைத்துவிடும்; முதல் 24 மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள்.

என் அம்மா பல ஆண்டுகளாக நக்ஸ் வாமிகா 30 சாப்பிடுகிறார். நிறுத்தச் சொல்லட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். உருண்டையைப் பிடுங்க வேண்டாம். 30 அவரை ஒன்றும் செய்யாது. நீங்கள் பரிகாசம் செய்தால் அடுத்த முறை வலி வரும்போது உங்களிடம் சொல்லாமல் மறைப்பார், அது ஆபத்து.

அருகில் உட்கார்ந்து வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். எதற்காகச் சாப்பிடத் தொடங்கினீர்கள்? அந்தத் தொல்லை இப்போதும் இருக்கிறதா, அதன் தன்மை மாறியிருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? வேறு ஏதாவது மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா? அவருடைய குப்பிகளை ஒருமுறை எல்லாம் எடுத்து வைத்து எண்களைப் படியுங்கள். அவற்றில் எண் இல்லாத கியூ குப்பி ஒன்று கிடந்தால், அதை மட்டும் மருந்தகத்தில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.